பதினான்கு சைக்கிளும் ஒரு வாலும்

சாத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் முப்பத்தோரு ஆண்டு தபால் கொடுத்தவன் நான். சைக்கிள் எனக்குப் பிழைப்பு. உடற்பயிற்சி என்று நினைத்து ஒரு நாளும் ஏறியதில்லை. ஓய்வு பெற்ற மறு வருடம் ஊர்ப் பையன்கள் சிலர் வந்து, “அண்ணாச்சி, சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கூட்டமாகச் சைக்கிளில் போய் நன்கொடை திரட்டலாம், வருகிறீர்களா?” என்று கேட்டார்கள். கால் தாங்குமா என்ற கவலை எனக்கு வரவில்லை. “கணக்கு யார் எழுதுவது?” என்றுதான் கேட்டேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இதுவரை இரண்டு முறை போய்வந்திருக்கிறோம். முதல் முறை ஒன்பது பேர், இரண்டாம் முறை பதினான்கு பேர். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், எட்டு நாள். முதல் பயணத்தில் செய்யக்கூடாததையெல்லாம் செய்து முடித்துவிட்டோம். அதனால் இரண்டாவது நன்றாக நடந்தது. கிளம்ப நினைக்கிறவர்களுக்கு அந்த இரண்டிலிருந்தும் சொல்கிறேன்.

பணத்திலிருந்து தொடங்குங்கள். சைக்கிள் வாங்குவதெல்லாம் பிறகு. எங்கள் நன்கொடை, படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவுக்குப் போனது. என் மனைவியின் கடைசி ஏழு வாரங்களில் அவர்கள் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வரும். அப்படிப்பட்டவர்களின் பெயரைச் சொல்லி வாங்கும் பணத்தில் நம்முடைய இட்லிச் செலவு சேரக்கூடாது. ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும் தங்கும் செலவு, சாப்பாடு, வேன் வாடகைப் பங்கு எல்லாவற்றையும் கைக்காசில் போட வேண்டும். முடியாதவருக்கு இன்னொருவர் போடலாம். நன்கொடையில் எடுக்கக்கூடாது. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் இரண்டு மூன்று பேர் நின்றுகொள்வார்கள். நிற்கட்டும்.

அடுத்தது, பணம் நேராக அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். முதல் முறை எங்கள் பையன் ஒருவன் துண்டறிக்கையில் தன் கைபேசி எண்ணைப் போட்டுவிட்டான். நாற்பத்து மூன்று பேர் அதில் அனுப்பினார்கள். நடுவில் அவனுடைய மாமா கொடுத்த கடனும், சீட்டுப் பணமும் அதே கணக்கில் வந்து விழ, எது யாருடையது என்று பிரித்தெடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. பையன் தங்கம். ஆனால் அந்த இரண்டு மாதமும் ஊர் வாயை யார் மூடுவது?

நன்கொடை கொடுப்பவர் வருமான வரிச் சலுகைக்கான ரசீது கேட்பார், 80ஜி ரசீது என்பார்கள். அந்த நிறுவனத்துக்கு அந்தப் பதிவு உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தரும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இல்லாத நிறுவனம் அதைத் தொடவே கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று வைத்திருக்கும் கணக்குக்குத்தான் பணம் வர வேண்டும். இந்தியக் குடிமகனாகவே துபாயில் வேலை பார்க்கும் பையன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். “நன்கொடை கொடுங்கள்” என்றால் நூறு ரூபாய் நீட்டுகிறவர், “கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தருகிறீர்களா?” என்றால் சிரித்துக்கொண்டே சரி என்கிறார். எழுநூறு ஆகும் என்பது அவருக்குப் பிறகுதான் உறைக்கும். அதன் பிறகு, நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று தினமும் விசாரிக்கவும் தொடங்கிவிடுவார்.

மாதம் தேர்ந்தெடுப்பதில் ஏமாந்துவிடாதீர்கள். முதல் முறை ஜூன் கடைசியில் கிளம்பினோம். மதுரை தாண்டும்வரை வெயில் அடித்ததே தவிர வேறு குறையில்லை. பணகுடியில் மாட்டிக்கொண்டோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்களுக்கு ஆனியிலேயே பறந்தது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருங்கி நுழைந்து அந்தப் பொட்டலில் விரிகிறது. காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டிருப்பது சும்மா இல்லை. இறக்கத்தில்கூடப் பெடலை மிதித்தால்தான் சைக்கிள் நகர்ந்தது. பக்கவாட்டில் அடித்த ஒரு வீச்சில் ஒல்லியான தம்பி ஒருவன் சாலையோர மண்ணுக்கே போய்விட்டான்.

பொங்கல் கூட்டம் அடங்கிய பிறகு, ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை போனால் வடகிழக்கிலிருந்து வரும் காற்று முதுகைத் தள்ளும். மழையும் ஓய்ந்திருக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: தை முகூர்த்த மாதம். நாங்கள் கல்யாண மண்டபங்களில் மலிவாகத் தங்கலாம் என்று திட்டம் போட்டிருந்தோம். விசாரித்த மண்டபமெல்லாம் முன்பதிவாகியிருந்தது. தினசரி நாட்காட்டியில் முகூர்த்த நாள் பார்த்து, அந்த நாட்களுக்குப் பள்ளிக்கூடமோ லாட்ஜோ ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு தேதியை அறிவியுங்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடப்பவர்கள் சாலையோரத்தில் விடியுமுன்பே போய்க்கொண்டிருப்பார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

சைக்கிள் பற்றி நான் நிறையப் பேச மாட்டேன். ஒன்றரை லட்ச ரூபாய்ச் சைக்கிளில் வந்தவரும் உண்டு, தன் மகனின் பழைய கியர் சைக்கிளில் வந்த டீச்சரம்மாவும் உண்டு. இருவரும் ஒரே நேரத்தில்தான் முக்கடலைப் பார்த்தார்கள். டயர் ரொம்ப ஒல்லியாக வேண்டாம். 32 மில்லிமீட்டர் அகலம் நம் சாலைக்குத் தோது. இருக்கையின் உயரத்தை மட்டும் அக்கறையாகப் பாருங்கள். உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முழங்காலில் இலேசான மடிப்பு தானாக வரும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். கடைசி மூன்று வாரத்தில் புது இருக்கை, புது செருப்பு, புது எதுவும் போடாதீர்கள்.

பயிற்சிக்குப் பதினான்கு வாரம் எடுத்துக்கொண்டோம். வாரத்தில் மூன்று நாள் இருபது கிலோமீட்டர், ஞாயிறன்று நாற்பதில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்ணூறு வரை. ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் ஓட்டுவது பெரிய காரியமில்லை, யாரும் ஓட்டிவிடலாம். மறுநாள் காலை அதே இருக்கையில் மறுபடி உட்கார வேண்டுமே, அங்கேதான் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். ஆகவே எட்டாவது வாரத்திலிருந்து சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் முழுக் கூட்டமும் சேர்ந்து மூன்று நாள் தொடர்ச்சியாக எழுபது, எண்பது என்று ஓட்டிப் பாருங்கள். யார் காலை ஐந்து மணிக்கு எழுவதில்லை, யாருக்கு இரண்டாம் நாள் கோபம் வருகிறது, யார் பஞ்சரானதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். கடைசி வாரம் ஓய்வாக இருங்கள்.

இனி வாலுக்கு வருகிறேன்.

முதல் பயணத்தில் பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் போகும்போது கூட்டம் சிதறிவிட்டது. வேகமாகப் போகிற நாலு பேர் சமயபுரம் போய் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். டீச்சரம்மா பாடாலூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் பஞ்சரான சைக்கிளோடு ஒன்றே முக்கால் மணி நேரம் தனியாக நின்றிருந்தார். கைபேசியில் சார்ஜ் இல்லை. நாங்கள் திரும்பிப் போனபோது அவர் திட்டவில்லை. “தம்பி, எனக்குக் கேட்டு நீங்கள் நன்கொடை வாங்க வேண்டியதாகப் போயிருக்கும்” என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன் பிறகு வந்த விதி இது: தலையாக ஒருவர், வாலாக ஒருவர். தலைக்கு முன்னால் யாரும் போகக்கூடாது, வாலுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. மெதுவாகப் போகிறவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம், அவரைத் தலைக்கு அடுத்த இடத்தில் விடுங்கள். பின்னால் விட்டால் ஒவ்வொரு மேட்டிலும் துண்டித்துக்கொண்டே போவார். தலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றலாம், வாலை மாற்றாதீர்கள். வாலாக இருப்பவருக்குக் கால் பலத்தைவிடப் பொறுமையும், பஞ்சர் ஒட்டத் தெரிந்த கையும், முழு சார்ஜ் உள்ள கைபேசியும் வேண்டும். இரண்டாம் பயணம் முழுக்க நான்தான் வால். முப்பத்தோரு ஆண்டு வீடு வீடாக நின்று நின்று போனவனுக்கு அது பழகிய வேலைதான்.

நான்குவழிச் சாலையில் ஓரக்கோட்டுக்கு வெளியே ஒற்றை வரிசையாகப் போங்கள். ஐந்தைந்து பேராகப் பிரிந்து, நடுவில் கொஞ்சம் இடைவெளி. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரம் போய் நிற்கவே கூடாது. அவர் சற்று விலகினால் போதும், விழுவது நீங்கள்தான். முன்னால் போகிறவர் பார்த்ததைக் கத்திச் சொல்ல வேண்டும், ஒவ்வொருவரும் பின்னாலிருப்பவருக்குக் கடத்த வேண்டும். “பள்ளம்”, “மணல்”, “மாடு”, “நிறுத்து” என்று ஒற்றைச் சொல்லாக வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும்விட அதிகம் பயன்பட்டது “எதிர்” என்ற சொல். சாலையோரத்தில் தப்பான திசையில் வரும் மோட்டார் சைக்கிளை வேறெப்படிச் சொல்வது? மேம்பாலம் வந்தால் கீழே சர்வீஸ் சாலையில் இறங்கிவிடுங்கள். நிற்பதென்றால் தாரை விட்டு மண்ணில் இறங்கி நில்லுங்கள். காதில் பாட்டுக் கேட்கும் கருவி இருந்தால் அன்று அவர் வேனில்தான் வருவார். இருட்டியபின் ஓட்டம் கிடையாது.

வேனைக் கூட்டத்தின் பின்னாலேயே ஊர்ந்து வரச் சொல்கிறவர்கள் உண்டு. பாதுகாப்பு என்று நினைப்பார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் வருகிற சாலையில் இருபதில் ஊர்கிற வேன்தான் ஆபத்து. பதினைந்து கிலோமீட்டர் முன்னால் போய், தாரை விட்டு இறக்கி நிறுத்திக் காத்திருக்கட்டும். அங்கே எல்லோரும் வந்து தலை எண்ணிய பிறகுதான் அடுத்த ஓட்டம். 108 எல்லோருக்கும் தெரியும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்ணையும் ஒவ்வொருவர் கைபேசியிலும் ஏற்றிவிடுங்கள். இரத்த வகை, வீட்டு எண், சாப்பிடும் மருந்து மூன்றையும் அட்டையில் எழுதி இருக்கைக்கு அடியில் கட்டுங்கள்.

பஞ்சரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேப்பூர் தாண்டி கல்லூரித் தம்பி ஒருவனுக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று முறை காற்று இறங்கியது. மூன்று முறையும் புது டியூப் போட்டான். டியூப் போட்டவன் டயருக்குள் பார்க்கவில்லை. நான் வேனிலிருந்து பஞ்சு வாங்கி, டயரின் உட்பக்கம் முழுவதும் மெல்லத் தேய்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பஞ்சு நூலிழையாக மாட்டியது. உற்றுப் பார்த்தால் மயிரிழை போல ஒரு கம்பி, அரை அங்குலம்கூட இல்லை. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதிலுள்ள எஃகுக் கம்பிகள் பிரிந்து சாலையோரமெங்கும் கிடக்கும். கண்ணுக்கே தெரியாது. விரலால் தேடினால் விரலில் ஏறும், விரலால் பிடுங்கவும் வராது. என் அம்மாவின் முள்வாங்கியை எப்போதும் பையில் வைத்திருப்பேன், அதனால் எடுத்தேன். தம்பி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பையில் இருந்த பன்னிரண்டு விதக் கருவியில் அது இல்லை.

ஆகவே ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டும் சாமான், டயர் கழற்றும் லீவர், கைப்பம்பு. கூட்டத்துக்கு நாலைந்து முள்வாங்கி, கொஞ்சம் பஞ்சு. டயர் மாட்டும்போது அதன் மேலுள்ள எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் எங்கே தேடுவது என்று அளந்துவிடலாம். சாத்தூருக்குத் தெற்கே சீமைக்கருவேல முள் வேறு. டீ குடிக்க மண்ணில் இறங்கினால் சைக்கிளை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டில் நான் சர்வாதிகாரி. காலையில் இட்லி. பொங்கலும் வடையும் தின்றுவிட்டு ஏறினால் பத்து மணிக்குக் கண் சொக்கும். வழியில் மணிக்கொரு முறை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. கோவில்பட்டியில் அதை ஒரு பெட்டியே வாங்கிக்கொள்ளலாம், 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா என் சொந்த மாவட்டத்துப் பெருமை, ஆனாலும் ஓட்டம் முடிந்த பிறகுதான் தொடலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் தலை கிறுகிறுக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து தினமும் காலையில் வேனில் ஒரு பாத்திரம் தயாராக இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு மிதித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். யார் யார் என்பது வாலுக்கு மட்டுமாவது தெரிந்திருக்க வேண்டும்.

உட்காரும் இடம் புண்ணாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, மூன்றாம் நாள் எல்லோரும் ஒரு மாதிரி நடப்பார்கள். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் ஜட்டி போடக்கூடாது. உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். ஓட்டம் முடிந்த உடனே கழற்றிக் குளித்துவிட்டுத் துவைத்து வெயிலில் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று மிதியுங்கள். பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். வழி பார்க்கப் போன இரண்டு பேரிடம், கழிப்பறை சுத்தமாக இருக்கும் பெட்ரோல் பங்குகளைக் குறித்து வரச் சொல்லியிருந்தோம். அந்தப் பட்டியலுக்குத்தான் கூட்டத்தில் அதிக மரியாதை.

ஊருக்கு ஊர் வரவேற்பு என்று ஒன்று நடக்கும். பிரமுகர் வருவதற்கு முக்கால் மணி நேரம், பேச அரை மணி நேரம், ஆளுக்கொரு பொன்னாடை. அதற்குள் கால் விறைத்துவிடும், வெயில் ஏறிவிடும். இரண்டாம் முறை முன்கூட்டியே கடிதம் போட்டோம்: நிற்பது பத்து நிமிடம், பொன்னாடை வேண்டாம், அதற்கு ஆகும் தொகையை இந்தக் கணக்கில் செலுத்தவும். மேலூரில் ஒரு பெரியவர் பொன்னாடையையும் போட்டுவிட்டுப் பணத்தையும் செலுத்தினார். அவரை மறுக்க முடியவில்லை.

திரும்பி வருவதைக் கிளம்புமுன்பே ஏற்பாடு செய்யுங்கள். முதல் முறை யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. சைக்கிள்களை ரயிலில் அனுப்புவதானால் பார்சல் அலுவலகத்தில் முன்பே விசாரியுங்கள். சிறு லாரி பேசுவதானால் பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பிக் கட்டினால் இடம் மிச்சம். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை. வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும். கடிகார முள் போகும் பக்கமாகத் திருப்ப வேண்டும். வீட்டிலேயே இரண்டு பெடலையும் ஒரு முறை கழற்றி, மரையில் கிரீஸ் தடவி மாட்டிக்கொண்டு வாருங்கள். சூரிய உதயம் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் நாங்கள் ஆறு பேர் ஒரு இடப்பக்கப் பெடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். சுண்டல் விற்ற பையன்தான் கடைசியில், “மாற்றித் திருப்புங்கள், அண்ணாச்சி” என்றான்.